தினப்படி: நாட்குறிப்புக்குப் பெயர் வந்த வழி

தன் கதையைத் தானே சொல்லும் நூல்களுக்குத் தமிழில் வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள். தன்வரலாறு, சுயசரிதை, என் சரித்திரம், என் கதை. ஒவ்வொன்றிலும் சொல்லுகிற ஆள் வாசலிலேயே நிற்கிறார். ‘தன்’, ‘சுய’, ‘என்’ என்று ஏதாவது ஒரு சொல் அவரை முன்னால் நிறுத்திவிடுகிறது. அதே ஆள், அதே வாழ்க்கையை, நாற்பது வயதுக்குப் பிறகு நினைவிலிருந்து எழுதாமல் அன்றன்றைக்கு எழுதி வைத்தால் பெயர் மாறிவிடும். நாட்குறிப்பு, தினசரி, தினப்படி, டைரி. எழுதுகிறவர் பெயருக்குள்ளே இல்லை. நாள் மட்டும்தான் இருக்கிறது.

இது தமிழின் தனி வழக்கமும் இல்லை. ஜெர்மானியர் டாகபூக் என்கிறார்கள், நாள் புத்தகம். சிங்களத்தில் தினபொத, அதுவும் நாள் புத்தகம். வங்காளத்தில் தினலிபி. ஜப்பானில் நிக்கி, ‘நி’ நாள், ‘கி’ பதிவு. பாரசீகத்திலிருந்து இந்திக்கு வந்த ரோஸ்நாம்சாவில் ‘ரோஸ்’ என்பது நாள். வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த மொழிகள் கூடிப் பேசிவைத்ததுபோல ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. மனிதன் தன்னைப் பற்றி மிக அந்தரங்கமாக எழுதும் எழுத்துக்கு, அந்த மனிதனைக் குறிக்கும் சொல்லை யாரும் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டால் பதில் அந்தப் பெயர்களின் பழைய கணக்கில் இருக்கிறது. கணக்கு என்பதை இங்கே நேர்ப்பொருளிலேயே சொல்கிறேன்.

நாள் யாருடையது?

பழந்தமிழில் நாள் என்றால் விண்மீன். ‘நாளும் கோளும்’ என்று சேர்த்துச் சொல்லும்போது நாள் நட்சத்திரம், கோள் கிரகம். நிலவு ஒவ்வொரு நாளும் ஒரு நட்சத்திரத்தோடு கூடி நிற்பதாகக் கணித்தார்கள். மீனின் பெயர் அந்தப் பொழுதுக்கும் ஆகிவந்தது. விடியலையும் பகலையும்கூட அதே சொல் குறித்தது. நாளங்காடி பகலில் நடக்கும் கடைத்தெரு, அல்லங்காடி இரவில் நடப்பது. நாளோலக்கம் அரசன் காலையில் கூடியிருக்கும் அவை.

நாளோடு ஒட்டிய மற்றச் சொற்களுக்கும் சொந்தக்காரர்கள் உண்டு. தேதி என்று இன்று ஆங்கில மாதத்துக்கும் சொல்கிறோமே, அது திதி. நிலவின் வளர்வையும் தேய்வையும் எண்ணுவதற்கு வந்த சொல். கிழமை என்றால் உரிமை. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கு உரிய நாள், செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கு உரியது. வாரத்தின் ஏழு நாளையும் ஏழு பேருக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டு அந்தப் பட்டாவின் பெயரையே நாளுக்கு வைத்துக்கொண்டோம்.

மண்ணில் அரசன் சொந்தக்காரன். சோழர் கல்வெட்டில் ஆண்டு அரசன் பட்டமேறியதிலிருந்து எண்ணப்படும். தஞ்சைப் பெரிய கோயிலில் தானும் தன் அக்காவும் மனைவியரும் பிறரும் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டச் சொன்ன ராஜராஜன், அந்த ஆணைக்கு இட்ட தேதி தன் ஆட்சியின் 26ஆம் யாண்டு, 20ஆம் நாள். பொழுது விடிவதே அவன் கணக்கில்தான்.

வானத்துக்கும் கிரகத்துக்கும் அரசனுக்கும் பங்கு போனபின் சாதாரண ஆளுக்கு நாளில் என்ன மிச்சம்? இலக்கியத்தில் அதற்கும் ஓர் இடம் உண்டு. திருக்குறளில் ‘அவர்வயின் விதும்பல்’ அதிகாரத்தின் முதல் குறளில் வருகிற பெண்ணுக்கு, அவன் பிரிந்துபோன நாட்களைத் தொட்டுத் தொட்டு எண்ணி விரல் தேய்ந்துவிட்டது. சுவரில் இழைத்த கோடுகளைத் தொட்டு எண்ணினாள் என்று பரிமேலழகர் விளக்குகிறார். சங்கப் பாட்டுகளிலும் இந்தச் சுவர்க் கோடுகள் வருகின்றன. அவள் ஒரு சொல்லும் எழுதவில்லை. நாளுக்கு ஒரு கோடு இழைத்தாள்; அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோடு அரசனின் நாளும் இல்லை, செவ்வாயின் நாளும் இல்லை. அவளுடைய நாள். கோடு என்றால் குறி. நாளைக் குறிப்பது என்ற செயல் இப்படித்தான் தமிழில் முதலில் கண்ணுக்குத் தெரிகிறது.

குறிப்பு எப்போது எழுத்தானது?

குறி என்றால் அடையாளம், இலக்கு. குறிப்பு என்றால் முதலில் எழுதி வைப்பது இல்லை. எழுதாமலும் சொல்லாமலும் உணர்த்துவது. திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. ஒன்று அரசன் மனத்தில் உள்ளதை அமைச்சன் முகம் பார்த்து அறிவது, மற்றொன்று காதலர் ஒருவர் உள்ளத்தை ஒருவர் கண் பார்த்து அறிவது. இரண்டிலும் குறிப்பு என்பது வாயைத் திறக்காத மனம்.

இலக்கணத்துக்குப் போனால் வேடிக்கை கூடுகிறது. ‘அவன் நல்லன்’ என்னும்போது ‘நல்லன்’ குறிப்பு வினைமுற்று. காலத்தை வெளிப்படையாகக் காட்டாத வினைக்குத்தான் குறிப்பு வினை என்று பெயர். காலத்தை வெளிப்படையாகக் காட்டாதது குறிப்பு என்று தொல்காப்பியர் மரபு சொல்ல, மேலே தேதி போட்டு எழுதுவதற்கு நாம் நாட்குறிப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

சொல்லாமல் உணர்த்துவது என்பதிலிருந்து சுருக்கமாகச் சொல்வது என்ற பொருளுக்கு ஓரடிதான். அங்கிருந்து சுருக்கமாக எழுதி வைப்பதற்கு இன்னோரடி. சமையல் குறிப்பு, மருத்துவக் குறிப்பு, ஆசிரியர் வகுப்புக்கு முன் எழுதும் பாடக் குறிப்பு எல்லாம் அந்த வழியில் வந்தவை. பிறந்த நேரத்தை வைத்து எழுதுவதும் குறிப்புதான். யாழ்ப்பாணத்தில் கலியாணப் பேச்சு எடுத்தால் முதலில் குறிப்புப் பார்ப்பார்கள். ஆக, ஒரு வாழ்க்கை தொடங்கும்போதே அதன் நாட்களை முன்கூட்டி எழுதி வைப்பதும் குறிப்பு, நாள் கழிந்தபின் எழுதுவதும் குறிப்பு. முன்னதைச் சோதிடர் எழுதுகிறார், பின்னதைச் சாதகர் எழுதுகிறார்.

நாளும் குறிப்பும் கூடிய பெயரைத் தமிழ் விவிலியத்தில் பிரித்துப் பார்க்கலாம். இஸ்ரவேல் அரசர்களின் நடப்புகளைச் சொல்லும் இரண்டு நூல்களுக்குப் பழைய மொழிபெயர்ப்பில் நாளாகமம் என்று பெயர். பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அதே நூல்கள் குறிப்பேடு. ஒன்று நாளை எடுத்துக்கொண்டது, மற்றது குறிப்பை எடுத்துக்கொண்டது. மூல எபிரேயப் பெயர் திப்ரே ஹய்யாமிம், அதாவது நாட்களின் காரியங்கள். அதில் ‘தாபார்’ என்ற சொல்லுக்குச் சொல் என்றும் பொருள், செயல் என்றும் பொருள். நம் செய்தியும் அப்படிப்பட்டதே. செய் என்ற வினையிலிருந்து பிறந்த சொல். புறநானூற்றுக் காலத்தில் செய்தி ஒருவர் செய்த செயல். பின்னால் அந்தச் செயலைப் பற்றிய தகவல். செய்ததும் அதைச் சொன்னதும் ஒரே சொல்லுக்குள் வந்துவிட்டன. இந்தச் செய்தியைச் சற்று நேரம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரிக்குப் போகும்போது வேண்டியிருக்கும்.

கடைக்காரர் ஏடு

பிளஸ் டூவில் தமிழ்வழியில் கணக்குப்பதிவியல் படித்தவர்களைக் கேட்டால் குறிப்பேடு என்றதும் விவிலியத்தைச் சொல்ல மாட்டார்கள். அன்றன்றைக்கு நடந்த கொடுக்கல் வாங்கலை நடந்த வரிசையிலேயே முதலில் எழுதும் ஏடு குறிப்பேடு. அதிலிருந்து ஆள் ஆளாக, இனம் இனமாகப் பிரித்து எடுத்து எழுதுவது பேரேடு. ஆண்டு முடிவில் எல்லாம் அடங்கி நிற்பது இருப்புநிலைக் குறிப்பு. செட்டிநாட்டுக் கணக்கில் அதற்கு ஐந்தொகை என்று பெயர்.

இந்த வரிசை நாட்குறிப்புக்கும் தன்வரலாற்றுக்கும் அப்படியே பொருந்தும். குறிப்பேட்டில் இன்னும் லாபம் எது, நட்டம் எது என்று தெரியாது. வந்தது வந்தபடி விழும். பேரேட்டில்தான் இனம் பிரியும். தன்வரலாறு எழுதுகிறவர் பேரேட்டைப் பார்த்து எழுதுகிறார். எந்த நட்பு கடைசிவரை நின்றது, எந்த வேலை வீணாய்ப் போனது என்று அவருக்குத் தெரியும். நாட்குறிப்புக்காரருக்குத் தெரியாது. அவர் கையில் இருப்பது இன்றைய வரவும் இன்றைய செலவும்தான்.

மேற்கிலும் பெயர் கல்லாப்பெட்டியிலிருந்துதான் வந்தது. டைரியின் தாய்ச்சொல் லத்தீன் தியாரியும். ‘தியெஸ்’ நாள். ஆனால் தியாரியும் முதலில் எழுத்தைக் குறிக்கவே இல்லை. படைவீரனுக்கும் அடிமைக்கும் அளந்து கொடுத்த ஒருநாள் உணவு, ஒருநாள் கூலி, அதுதான் தியாரியும். அளந்ததை எழுதி வைத்த ஏட்டுக்கு அந்தப் பெயர் ஏறியது. காலண்டரும் இதே குலம். ரோமர்கள் மாதத்தின் முதல் நாளில் கடன் தீர்க்க வேண்டும். அந்த நாளின் பெயர் கலெண்டே. வட்டிக் கணக்கு எழுதிய ஏடு கலெண்டாரியும். சுவரில் தொங்கும் நாட்காட்டியும் மேசையில் கிடக்கும் நாட்குறிப்பும் ஒரு கடன்காரன் ஏட்டிலும் ஒரு கூலிக்காரன் ஏட்டிலும் பிறந்தவை.

ஆங்கிலத்தில் டைரி என்ற சொல் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வருகிறது. வந்த சில பத்தாண்டுகளிலேயே அதைக் கேலி செய்து நாடகமும் வந்துவிட்டது. பென் ஜான்சனின் ‘வோல்போனி’யில் வெனிஸ் நகரத்துக்கு வந்த ஓர் ஆங்கிலேயப் பிரபு தன் டைரியைப் பெருமையோடு எடுத்துக் காட்டுகிறான். குதிமுள்ளின் தோல்வாரை எலி கடித்தது, பல்குத்தி வாங்கி ஒன்று ஒடிந்தது, பட்டுக் காலுறை தைக்கக் காசு கொடுத்தது, சின்ன மீனுக்கு விலை பேசியது என்று போகும் அந்தப் பட்டியல். சபை சிரித்திருக்கும். ஆனாலும் டைரி என்ற பெயருக்கு அவன் துரோகம் செய்யவில்லை. ஒருநாள் அளவை அளந்து எழுதியிருக்கிறான்.

இன்னொரு திருத்தமும் இங்கே சொல்லிவிடலாம். ஆங்கில ‘டே’யும் டைரியும் ஒரே வேர் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ‘டே’ ஜெர்மானிய வழி வந்த வேறு சொல், ஓசை ஒத்தது தற்செயல். நம் வழக்கில் கலந்த வடமொழித் ‘தினம்’தான், ஒளிர்தல் என்ற பொருளுடைய பழைய வேர் வழியாக, லத்தீன் தியெஸுக்கு உறவு என்கிறார்கள் மொழியியலார்.

படி என்ற சொல்

இப்போது தினப்படிக்கு வரலாம். இந்தக் கட்டுரையின் உயிர் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

படி முதலில் அளவு. நெல்லும் அரிசியும் அளக்கிற படி. அளந்து கொடுப்பதற்கும் அதுவே பெயராயிற்று. கோயிலில் நாள்தோறும் நைவேத்தியத்துக்கும் விளக்குக்கும் இவ்வளவு என்று வகுத்தது படித்தரம். சோழர் காலத்தில் அணையா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் கொடுத்து, நாள் ஒன்றுக்கு உழக்கு நெய் அளக்கச் சொல்லிக் கல்லில் வெட்டினார்கள். ‘நிசதம்’ என்று அந்தக் கல்வெட்டுகள் சொல்லும் சொல் நாள்தோறும் என்பதுதான். இன்றைய அரசு அலுவலகத்தில் அகவிலைப்படி, பயணப்படி, வீட்டு வாடகைப்படி. வெளியூர் போனால் தினப்படி. லாரி ஓட்டுநர் பேட்டா என்று சொல்வதும் அதே ஒருநாள் சாப்பாட்டுப் பணத்தை. ரோமச் சிப்பாய்க்கு அளந்த தியாரியும் என்பதைத் தமிழில் ஒரே சொல்லில் சொல்லச் சொன்னால் தினப்படி என்றே சொல்லலாம். யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. இரண்டு மொழிகளும் நாளை அளவாகப் பார்த்தன.

படிக்கு இன்னும் பொருள்கள் உண்டு. அப்படி, இப்படி, சொன்னபடி, வழக்கப்படி என்னும்போது படி ஒரு முறை. கையெழுத்துப் படி, மெய்ப்புப் படி என்னும்போது நகல். ஏறுகிற படி, நீரில் படிகிற வண்டல், புத்தகம் படிப்பது எல்லாம் பக்கத்தில் நிற்கின்றன. ‘தினப்படி நடக்கிறது’ என்று பேச்சில் சொல்லும்போது அளவும் முறையும் ஒன்றாகவே காதில் விழுகின்றன.

ஆனந்தரங்கர் வைத்த பெயர்

இந்தச் சொற்கள் எல்லாம் ஓரிடத்தில் வந்து கூடியது புதுச்சேரியில். 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, பிரெஞ்சுக் கம்பெனியின் நகரத்தில் வணிகராகவும் பிறகு தலைமைத் துபாஷாகவும், அதாவது மொழிபெயர்ப்பாளராகவும், வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 செப்டம்பர் 6ஆம் தேதி, நள வருஷம் ஆவணி மாதத்தில் எழுதத் தொடங்கினார். 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்த அதே மாதத்தில், அவர் இறக்கும்வரை கால் நூற்றாண்டு ஓடிய எழுத்து அது. கவர்னர் துய்ப்ளேக்சின் ஆட்சி, 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது, 1748 முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது எல்லாம் அதில் இருக்கின்றன. 1846இல் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். சென்னை அரசு படியெடுத்து, ஆங்கிலத்தில் பெயர்த்து, 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளியிட்டது. தமிழ் மூலம் புதுச்சேரியில் அச்சேறத் தொடங்கியது 1948இல். தமிழில் எழுதியதை நாம் அச்சில் படிக்க, இங்கிலீஷ்காரர் படித்து முடிக்கும்வரை காத்திருந்தோம். பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ நாவல்களை இதன்மேல் நின்று எழுதினார். பின்னதற்கு 1995ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

அந்த எழுத்துக்கு வழங்கும் பெயர் சொஸ்த லிகித தினப்படி சேதிக் குறிப்பு. இதை ஒவ்வொன்றாகப் பிரிப்போம்.

தினப்படி, நாளின் அளவும் முறையும். சேதி, செய்தியின் பேச்சு வடிவம். நடந்த காரியமும் அதைப் பற்றிய தகவலும். குறிப்பு, விரித்துப் பாடாமல் சுருக்கிப் போட்டது. சொல்லாமல் விட்டதும் அதற்குள் அடக்கம். சொஸ்த லிகிதம் என்பதில் சொஸ்தம், ஸ்வஹஸ்தம், தன் கை. லிகிதம் எழுத்து. தன் கைப்பட எழுதியது. நீண்ட இந்தப் பெயரில் ‘தன்’ என்பது ஒரே இடத்தில்தான் வருகிறது. அது ‘தன் வாழ்க்கை’ என்று வரவில்லை, ‘தன் கை’ என்று வருகிறது. எழுதுகிறவர் கைக்குத்தான் பொறுப்பேற்கிறார். கதைக்கு உரிமை கொண்டாடவில்லை.

தொடக்கத்தில் அவர் சொல்லும் நோக்கமும் அப்படியே. காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும், கப்பல் வருவதையும் போவதையும், நடக்கும் அதிசயங்களையும் எழுதப்போவதாகச் சொல்கிறார். மனத்தில் பட்டதை எழுதுவேன் என்று சொல்லவில்லை. வணிகரின் குறிப்பேட்டு வாக்கியம் அது. கப்பல் வந்தால் சரக்கு, சரக்கு வந்தால் விலை. முசே இன்னார் இப்படிச் சொன்னார், மதாம் அப்படிச் சொன்னார் என்று எழுதிக்கொண்டே போகிறவர், துரை தன்னைப் பாராட்டினால் அதையும் விடாமல் எழுதுகிறார். யார் தன்னைப் பற்றிக் கோள் சொன்னார்கள், தன் கிரகபலன் எப்படி இருக்கிறது, உடம்புக்கு என்ன என்பதெல்லாம் கப்பல் சேதிக்கு நடுவே வந்து விழுகின்றன. ஆளைக் காட்டுவதாக வாக்குக் கொடுக்காத ஏட்டில்தான் பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழர் ஒருவர் முழு ஆளாக நமக்குக் கிடைக்கிறார். சுயசரிதை எழுத உட்கார்ந்திருந்தால், துரையின் பாராட்டுக்குக் குளிர்ந்துபோனதையும் மதாமின் சொல்லுக்குப் புழுங்கியதையும் அவர் தாமே வெட்டியிருப்பார்.

அவரைப் பிரெஞ்சிந்தியாவின் பெப்பீஸ் என்று வரலாற்றாசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரி அழைத்தார். லண்டனில் 1660 முதல் 1669 வரை டைரி எழுதிய சாமுவேல் பெப்பீஸ் கடற்படை அலுவலகத்தில் கணக்கும் சரக்கும் பார்த்தவர். பெயர்ப் பொருத்தம் அங்கேயும் கல்லாவில்தான் கூடுகிறது. ஆனால் பெப்பீஸ் பிறர் எளிதில் படிக்க முடியாத சுருக்கெழுத்தில் எழுதினார். பிள்ளை ஊர்ப் பேச்சுத் தமிழில், பிரெஞ்சுச் சொல்லும் கணக்குச் சொல்லும் கலந்து எழுதினார்.

தினசரி போன வழி

பிள்ளையின் ஏட்டைத் தினசரி என்றும் சொல்வதுண்டு. வடமொழியில் தினசரியை என்பது ஒருவர் நாள்தோறும் கடைப்பிடிக்கும் ஒழுக்கம். பல் துலக்குவது முதல் படுக்கும் நேரம்வரை ஆயுர்வேதம் வகுத்தது. கன்னடத்தில் தினசரி என்றால் இன்றும் டைரிதான். தமிழில் அதே சொல் வேறு வாசலில் நுழைந்துவிட்டது. தினசரி என்றால் நமக்கு நாளிதழ். டி. எஸ். சொக்கலிங்கம் 1940களில் தொடங்கிய பத்திரிகைக்குப் பெயரே தினசரி. நாளேடும் அதே வழியில் போனது. நாள் புத்தகம் என்று பிற மொழிகள் டைரிக்குச் சொல்லும்போது நாம் நாளேடு என்று செய்தித்தாளைச் சொல்கிறோம்.

பிரெஞ்சு ஷூர்னாலுக்கும் இதே இரட்டைப் பிறவி. ‘ஷூர்’ நாள். செய்தித்தாளும் ஷூர்னால், சொந்த நாட்குறிப்பும் ஷூர்னால். ஆங்கில ஜர்னலுக்குக் கணக்கர் குறிப்பேடு, ஆய்விதழ் என்று மேலும் இரண்டு வேலை உண்டு. ஊர்ச் சேதியும் தன் சேதியும் ஒரே பெயரில் இருந்ததில் வியப்பில்லை. ஆனந்தரங்கர் ஏட்டில் இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தனவே. பின்னால் ஊர்ச் சேதியை அச்சகம் எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த தன் சேதி டைரிக்குப் போனது. நாட்குறிப்பு அந்தரங்கமானது அதன் பெயராலோ இயல்பாலோ இல்லை. செய்தித்தாள் பிரிந்துபோனபின் ஏற்பட்ட பாகப்பிரிவினையால்.

டைரி, ஒரு சர்க்கார் சொல்

தமிழ்நாட்டுக்கு டைரி என்ற சொல் பூட்டுப் போட்ட சின்னப் புத்தகமாக வரவில்லை. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலக் கம்பெனி தன் ஆலோசனைகளையும் நடப்புகளையும் எழுதிவைத்த தொடருக்கே ‘டைரி அண்ட் கன்சல்டேஷன் புக்’ என்று பெயர். டச்சுக்காரர் பத்தேவியாக் கோட்டையில் எழுதியது டாக் ரெகிஸ்டர், நாட்பதிவேடு. கம்பெனி போய் சர்க்கார் வந்தபின்னும் வழக்கம் நின்றது. போலீஸ் நிலையத்தில் பொது நாட்குறிப்பு, ஒவ்வொரு வழக்குக்கும் வழக்கு நாட்குறிப்பு, சுற்றுப்பயணம் போகும் அதிகாரிக்கு டூர் டைரி.

இலங்கையில் மாவட்ட அதிகாரிகள் நாள்தோறும் டைரி எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது காலனிக் கால விதி. யாழ்ப்பாணத்தில் வேலை பழகிய லெனர்ட் வுல்ஃப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது எழுதியது அப்படிப்பட்ட ஏடு. உப்பளம், மாட்டு நோய், நிலத் தகராறு என்று போகும் அந்த அலுவலகக் காகிதம், அவர் பின்னால் எழுத்தாளராகவும் பதிப்பாளராகவும் பெயர் பெற்றதால், 1960களில் நூலாக வந்தது. கடமைக்கு எழுதியதில் ஆள் கசிந்திருந்தது.

சுதந்திரத்துக்குப் பின் டைரி வீட்டுக்கு வந்தது. வங்கியும் கம்பெனியும் உரக்கடையும் ஜனவரியில் இலவசமாகக் கொடுத்த டைரி. ராகுகாலம், எமகண்டம், அரசு விடுமுறை எல்லாம் முன்பக்கத்தில். உள்ளே ஜனவரி முதல் வாரம் வரை அப்பாவின் உறுதிமொழிகள், பிறகு அம்மாவின் பால் கணக்கு, வண்ணான் கணக்கு, நடுநடுவே கோலப் புள்ளிகள். டைரியை வீணாக்கிவிட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். சொல்லின் வரலாற்றைப் பார்த்தால் அம்மாதான் அதைச் சரியாகப் பயன்படுத்தினார். நாளுக்கு எத்தனை ஆழாக்குப் பால் என்று எழுதியது அசல் தியாரியும்.

‘நான்’ நுழைந்த இடம்

கணக்கேட்டில் மனம் எப்போது நுழைகிறது? வெளியே அளக்க எதுவும் இல்லாதபோது. வரவு செலவு இல்லாத இடம் சிறை. 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்குப் போன ராஜாஜி, அங்கே இருந்த மூன்று மாதமும் அன்றாடம் எழுதினார். சிறைச் சாப்பாடும் உடம்பும் கைதிகள் நிலையும் எழுதிக்கொண்டு வந்தவர், ஒருநாள், சுயராஜ்யம் வந்த உடனே நல்லாட்சியோ மக்களுக்கு இன்பமோ வந்துவிடாது, தேர்தலும் ஊழலும் பணபலமும் திறமையின்மையும் வாழ்க்கையை நரகமாக்கும் என்று எழுதி வைத்தார். அது 1922 ஜனவரி. விடுதலைக்கு இன்னும் 25 ஆண்டு இருக்கிறது. அந்த வரியை விடுதலைக்குப் பின் எழுதியிருந்தால் சலிப்பு என்று தள்ளியிருப்போம். மேலே இருக்கும் தேதிதான் அதற்கு எடை கொடுக்கிறது.

நாள் என்ற பெயர் நாட்குறிப்புக்குத் தரும் வலிமை இதுதான். தன்வரலாற்றில் ஒரு கருத்து எழுதுகிறவரின் கருத்து. நாட்குறிப்பில் அது அந்த நாளின் கருத்து. எழுதியவர் அடுத்த மாதம் மாறலாம், ஏடு மாறாது. ‘என்’ என்று பெயர் வைத்தால் முதல் பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்கும் ஒரே ஆள் பொறுப்பேற்க வேண்டும். 27 வயதில் எழுதத் தொடங்கிய ஆனந்தரங்கரும் 51 வயதில் முடித்த ஆனந்தரங்கரும் ஒரே ஆள் என்று அந்த ஏடு சாதிக்கவில்லை. இருவரையும் அவரவர் தேதியில் விட்டு வைத்திருக்கிறது.

இலக்கணப்படியும் இதைக் காட்டலாம். நாட்குறிப்பு ஒரு தொகைச்சொல். நாளைக் குறித்த குறிப்பு என்று விரிக்கலாம், நாளில் எழுதிய குறிப்பு என்று விரிக்கலாம், நாளினது குறிப்பு என்றும் விரிக்கலாம். எப்படி விரித்தாலும் எழுதுகிறவருக்கு வேற்றுமை உருபு வைக்க இடம் கிடையாது.

அதனால்தான் இந்த எழுத்தைப் பிறர் கையில் கொடுக்க முடிகிறது. ஆனந்தரங்கர் போனபின் அவர் குடும்பத்தில் ரங்கப்ப திருவேங்கடம் பிள்ளை தொடர்ந்து எழுதினார். பின்னால் முத்து விஜய திருவேங்கடம் பிள்ளை எழுதினார். அதே ஊரில் இரண்டாம் வீராநாயக்கர் 1778 முதல் 1792 வரை தனியே எழுதினார். கை மாறினாலும் பெயர் மாறத் தேவையில்லை. ‘சொஸ்தம்’ யாருடையது என்பதை மட்டும் திருத்திக்கொண்டால் போதும்.

தன்வரலாற்றுக்கு அந்த வசதி இல்லை. உ. வே. சாமிநாதையர் ஆனந்த விகடனில் 1940 முதல் எழுதிவந்த ‘என் சரித்திரம்’ 1942இல் அவர் மறைவோடு பாதியில் நின்றது. பிந்திய காலத்தைச் சொல்ல அவர் மாணவர் கி. வா. ஜகந்நாதன் முன்வந்தார். ஆசிரியரின் வாழ்க்கையை நன்றாக அறிந்தவர், தமிழும் அதே பள்ளித் தமிழ். ஆனாலும் ‘என் சரித்திரம்’ என்ற தலைப்பை அவரால் தொடர முடியவில்லை. ‘என் ஆசிரியப்பிரான்’ என்று வைத்தார். ‘என்’ அங்கேயே இருக்கிறது, ஆனால் அது வேறு ஆளுடைய ‘என்’ ஆகிவிட்டது. தினப்படி சேதிக் குறிப்பு என்ற பெயரில் அந்தச் சொல் இல்லாததால்தான் ஒரு குடும்பம் அதை அரை நூற்றாண்டுக்கு மேல் கொண்டுசெல்ல முடிந்தது.